அட்டவணை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. நேர நிர்வாகம் என்பதே கதையா?

மார்ச் 4, இரவு 10.50 (கேள்வி)

கோலாலம்பூருக்கு (கே.எல்.) வெளியே ரவாங்கில் இருக்கிறேன். வேலை பங்சாரில். கொம்யூட்டர் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ரயிலுக்கு மாறிப் போகிறேன். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவன் பாலர் பள்ளி. அப்பாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), காலில் புண், வாரத்துக்கு இரண்டு முறை கட்டு மாற்ற வேண்டும். கணவருக்கு மாறி மாறி நைட் ஷிப்ட். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு அரைமணி அரைமணியாக அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். மூன்றாம் நாள் நானே கிழித்துப் போட்டேன். என் கருத்து இதுதான்: நேர நிர்வாகம் என்பது வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்கள் சொல்லும் கதை. இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 11.40 (பதில்)

பாதி சரி, பாதி கோபம். கோபத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அது நியாயம்தான்.

நான் செந்தூல். ஒரு சின்ன கம்பெனியில் கணக்கும் சம்பளப் பட்டுவாடாவும் என் தலையில். மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பெரியவனுக்குப் படிவம் 1 (இடைநிலைப் பள்ளி முதல் ஆண்டு), மதிய வகுப்பு. சின்னவள் மூன்றாம் ஆண்டு, காலை வகுப்பு. ஒரே வீட்டில் இரண்டு பள்ளிக்கூட நேரம். கணவர் ஷா ஆலமில் தொழிற்சாலை, அவருக்கும் ஷிப்ட். வீட்டில் பணிப்பெண் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் கதை விடுவதாகத்தான் நினைப்பீர்கள்.

முதலில் அந்த ஐந்து மணியைத் தூக்கிப் போடுங்கள். அது வெளியூர்ச் சரக்கு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இங்கே ஏழு மணிக்கு மேல் விடிகிறது, உச்சிவெயில் ஒரு மணி தாண்டித்தான் வருகிறது. கே.எல்.லில் ஐந்து மணிக்கு எழுகிறவர், சூரியக் கணக்கில் சென்னையில் நாலு மணிக்கு எழுகிறவர் மாதிரி. விடிகாலையின் அமைதி, பறவைச் சத்தம் என்று யூடியூபில் சொல்வதெல்லாம் இங்கே ஐந்து மணிக்குக் கிடையாது. நடுராத்திரி மாதிரி இருட்டு, பக்கத்து பிளாட்டின் ஏர்கோன் சத்தம், அவ்வளவுதான்.

இருட்டைக்கூட விடுங்கள். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் அந்த நேரம் எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்தது. 2003ல் ஒரு அமெரிக்க ஆய்வில் சிலரை இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. அதைவிட மோசம், இவ்வளவு இறங்கியது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. ‘எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்மா’ என்று சொல்கிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

மார்ச் 5, மதியம் 1.15

கிழித்த தாளை ஒட்டிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அது நல்ல ஆவணம்.

அதில் ‘5.30 வேலை முடிவு, 6.45 வீடு’ என்று இருக்கிறது. ஐந்தரைக்குக் கணினியை மூடி, கழிவறைக்குப் போய், மேனேஜர் கேட்கும் ‘ஒரே ஒரு சின்ன விஷயத்துக்கு’ப் பதில் சொல்லி, கட்டடத்தை விட்டு இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். எல்ஆர்டி ஒரே நிறுத்தம்தான். அப்புறம் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் நடைமேடைக்கு இறங்க வேண்டும். ரயில் போய்விட்டிருந்தால் அடுத்ததுக்கு அரைமணிகூட நிற்க நேரிடும். ரவாங் வரை ஒரு மணி நேரம் வையுங்கள். நிலையத்திலிருந்து கார், பிள்ளை பார்க்கும் அம்மா வீடு, அங்கே வாசலில் நின்று இரண்டு வார்த்தை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஏழே முக்கால் ஆகியிருக்கும். உங்கள் அட்டவணையில் ரயில் உங்களுக்காக நடைமேடையில் காத்துக்கொண்டிருக்கிறது, மேனேஜர் ஊமை, படிக்கட்டே கிடையாது.

வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எழுதாதீர்கள். வாசலிலிருந்து வாசல் வரை எழுதுங்கள்.

இப்போது கணக்கு. தூக்கம் ஏழு மணி நேரம். வேலையும் சாப்பாட்டு இடைவேளையும் பத்து. போக வரப் பயணம், பிள்ளையை விட்டு எடுப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை. 24ல் கழித்தால் வார நாளில் உங்கள் கையில் மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். காலை அவசரமும் இதற்குள்தான். உங்கள் தாளில் வேலை, பயணம், தூக்கம் தவிர்த்த மற்றதைக் கூட்டிப் பார்த்தேன். சமையல், வீட்டுப்பாடம், துணி, அப்பா, உடற்பயிற்சி, ‘எனக்கான நேரம்’ எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் போகிறது. மூன்றரையில் ஆறு அடங்காது. அட்டவணை உடைந்ததற்கு உங்கள் சோம்பேறித்தனம் காரணமில்லை, கழித்தல் கணக்குதான் காரணம். நான் கணக்குப்பிள்ளை, இதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

மார்ச் 5, இரவு 9.05

ஐந்து மணி பற்றி எழுதியதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவர் இரவு ஒன்பதரைக்குப் படுக்கிறாராம். அப்படியானால் ஐந்து மணி அவருக்குச் சரி. என் சண்டை கடிகாரத்தோடு இல்லை, படுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசாமல் எழும் நேரத்தை மட்டும் பேசுகிறவர்களோடு.

மார்ச் 7, இரவு 10.20

‘போன தடவை தாமதமானது நினைவிருந்தும் ஏன் இந்தத் தடவையும் குறைத்தே கணக்கிடுகிறோம்’ என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. டேனியல் கானிமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் இருவரும் 1979லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. பட்டப்படிப்பின் கடைசியில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள்வரை சொன்னார்கள். உண்மையில் எடுத்தது சராசரியாக 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போகும் என்று நினைத்துச் சொன்ன கணக்குகூடப் போதவில்லை.

காரணம், நாம் வேலையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம், போன தடவையைப் பார்த்துப் போடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் ‘அன்றைக்கு மழை, அதனால்தான்’ என்று ஒரு காரணம் கிடைத்துவிடும். கே.எல்.லில் மழையை விதிவிலக்காக நினைப்பதற்கு நமக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

என் பழக்கம்: எதற்கும் போன தடவை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கைப்பேசியில் ஒரு வரி எழுதி வைப்பேன். அரசாங்கக் கிளினிக்: 7.40 முதல் 11.50. அடுத்த தடவை அதையே போடுவேன், குறைக்க மாட்டேன். முன்னதாக முடிந்தால் லாபம். முதலாளியிடமும் இதே முறைதான். எங்கள் அளவிலான கம்பெனிக்கும் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம் என்று வந்தது. ‘ஒரு வாரத்தில் ஏற்பாடு பண்ணிடலாம்ல?’ என்றார். முன்பு கணக்கு மென்பொருள் மாற்றியபோது எவ்வளவு நாள் ஆனது என்பதைத் தேடி எடுத்துக் காட்டினேன். பேச்சு அத்தோடு நின்றது.

மார்ச் 10, மாலை 6.30

இன்று திங்கள், டயாலிசிஸ் நாள். இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம்தானே, அதற்கு ஏன் ஒரு நாள் முழுக்கப் போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நான்கு மணி நேரம் என்பது இயந்திரம் ஓடும் நேரம். அதற்கு முன் அத்தையை உடை மாற்றி, பையை எடுத்து வைத்து (ஹாலில் குளிர் தாங்காது, போர்வை வேண்டும், காலுறை, பிஸ்கட்), லிப்டுக்குக் காத்திருந்து, காரில் ஏற்ற வேண்டும். நிலையத்தில் எடை பார்க்க வேண்டும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எடை எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அப்புறம் இரத்த அழுத்தம், கையில் இரண்டு ஊசி, அதன் பிறகுதான் இயந்திரம். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இரத்தம் நின்றுவிட்டதா என்று தாதி வந்து பார்ப்பார். மறுபடி எடை, மறுபடி அழுத்தம். அழுத்தம் இறங்கியிருந்தால் எழுந்து நிற்க விட மாட்டார்கள். ‘கொஞ்சம் உக்காருங்க பாட்டி’ என்பார்கள், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அத்தை சுருண்டு படுத்துக்கொள்வார். அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது, தனியாக விடவும் கூடாது.

நான்கு மணி நேரம் என்று எழுதினால் அட்டவணை பொய் சொல்கிறது. நாங்கள் ஏழு என்று எழுதுகிறோம். திங்களும் வெள்ளியும் என் கணவரின் தங்கையும் நானும் மாற்றி மாற்றி, புதன் கணவர். இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்குள் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. அது வேறு கதை.

மார்ச் 13, இரவு 11.10

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), சம்பள வரிப் பிடித்தம் எல்லாம் மாதம் 15க்குள் கட்ட வேண்டும். இந்த மாதம் 15 சனிக்கிழமை. நாளையே முடிக்க வேண்டும். நோன்பு மாதம் வேறு, சாயங்காலம் நாலரை மணிக்கே சாலையெல்லாம் அடைத்துவிடுகிறது, எல்லாரும் நோன்பு திறக்க வீட்டுக்கு விரைகிறார்கள். கேள்விகளுக்கு ஞாயிறு பதில்.

மார்ச் 16, காலை 10.00

ரவாங் தங்கை எழுதியிருக்கிறார்: ‘அக்கா, வாசலிலிருந்து வாசல் கணக்குப் போட்டேன். சரியாகத்தான் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல், எல்லாம் போச்சு.’

இது அடுத்த விஷயம். உண்மையான நேரத்தைப் போட்டு, அதை விளிம்புவரை நிரப்பினாலும் உடையும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது விபத்தில்லை. எந்தச் செவ்வாய் என்பதுதான் தெரியாதே தவிர, ஏதோ ஒரு செவ்வாய் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியல் அறிஞரும் எல்டார் ஷாஃபிர் என்ற உளவியல் அறிஞரும் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டும் ஒன்று: அமெரிக்காவில் மிசூரியில் ஒரு மருத்துவமனை. அறுவைச் சிகிச்சை அறைகள் எல்லாம் எப்போதும் நிரம்பி வழியும். அவசர நோயாளி வந்தால் முன்பே குறித்திருந்தவரைத் தள்ளிவைக்க வேண்டும். மருத்துவர்கள் நள்ளிரவு தாண்டியும் நிற்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் சொன்ன தீர்வு, ஒரு அறையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள், அவசரத்துக்கு மட்டும். இருப்பதே போதவில்லை, இதில் ஒன்றைக் காலியாக விடுவதா என்று முதலில் யாருக்கும் ஒப்பவில்லை. செய்து பார்த்தபோது அங்கே நடந்த மொத்த அறுவைச் சிகிச்சைகளே அதிகமாயின. ஒரு அவசரம் வந்து மற்ற அறைகளின் வரிசையைக் கலைப்பது நின்றுபோனதுதான் காரணம்.

புட்டுக் குழாயில் மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது, அடியில் வெந்து மேலே மாவாகவே நிற்கும். அதுதான்.

எனக்கு அந்தக் காலி அறை வியாழன் மாலை. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எதுவும் கிடையாது. வாரத்தில் கெட்டுப்போனதெல்லாம் அங்கே போய் விழும். எதுவும் கெடாத வாரம் அபூர்வம், வந்தால் பசார் மாலாம் (இரவுச் சந்தை) போய் அப்பம் பாலிக் வாங்கித் தின்போம்.

அதே கூட்டத்தாரின் இன்னொரு ஆய்வும் சொல்ல வேண்டும், அது நம் ஊர்க்காரர்களைப் பற்றியது. 2013ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆனந்தி மணி முதல் ஆசிரியர். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் சில மூளைப் பயிற்சிச் சோதனைகள் செய்தார்கள். அதே மனிதர்கள்தான். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில், மோசமாகச் செய்தார்கள். காசு வந்த பின் நன்றாகச் செய்தார்கள். புத்தி குறைந்துபோகவில்லை, கவலை அதில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆய்வு காசைப் பற்றியது. நேரத்துக்கும் இதுவே பொருந்தும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மாதக் கடைசியில் நான் சாவியை ஐஸ்பெட்டிக்குள் வைப்பதற்கு வேறு விளக்கம் கிடையாது.

மார்ச் 17, மதியம் 1.05

‘காலி நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் யாராவது எடுத்துக்கொள்வார்களே?’

எடுத்துக்கொள்வார்கள். அதனால் நாள்காட்டியில் வியாழன் மாலைக்கு நேரே ‘பேங்க்’ என்று எழுதியிருக்கிறேன். இரவு ஏழரைக்கு எந்த பேங்க் திறந்திருக்கும் என்று இதுவரை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 19, இரவு 10.45

இத்தனை நாள் மணிக்கணக்காகவே பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக வேறொன்று உறுத்துகிறது. எனக்கு மூச்சு முட்டிய காலத்தில் நான் மணிகளை எண்ணி எண்ணித்தான் சரிசெய்தேனா? முழுக்க இல்லை. மணி அதே அளவுதான் இருந்தது. என் தலையில் இருந்தது குறைந்தது, அதுதான் நடந்தது.

இரவு 9.50க்கு வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வரும்: ‘நாளை மாணவர்கள் வெள்ளை மணிலா அட்டை ஒன்றும் குடும்பப் படம் ஒன்றும் கொண்டு வரவும்.’ அட்டை வாங்கிவர யார் போனாலும் பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தக் குழுவை யார் பார்க்க வேண்டும், எந்தக் கடை இன்னும் திறந்திருக்கும், குடும்பப் படம் யாருடைய கைப்பேசியில் இருக்கிறது, பிரிண்டரில் மை இருக்கிறதா, இதெல்லாம் நாள் முழுக்க ஒரே ஒருத்தி தலையில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் உதவி செய்யாதவர் இல்லை. ‘என்ன செய்யணும் சொல்லு, செய்றேன்’ என்பார். அந்தச் ‘சொல்லு’தான் என் வேலையாக இருந்தது.

அதனால் உதவி கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு இலாகாவை முழுதாகக் கொடுத்தேன். சின்னவளின் பள்ளிக்கூடம் அவருடையது. வகுப்புக் குழுவில் அவர் சேர்ந்தார், நான் வெளியே வந்தேன். வேன்காரருக்குக் காசு கொடுப்பது, அட்டை, சீருடை, பெற்றோர் கூட்டம் எல்லாம் அவர்தான். முதல் மாதம் விளையாட்டு உடை நாளில் பினஃபோர் சீருடை போட்டு அனுப்பினார். பிள்ளை அழுதது. நான் வாயைத் திறக்கவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திறந்திருந்தால் அந்த இலாகா அன்றைக்கே என்னிடம் திரும்பி வந்திருக்கும். இப்போது காரின் பின்னால் மணிலா அட்டை ஒரு கட்டு, பசை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். எனக்கு அது தோன்றியதே இல்லை.

ரவாங் தங்கை, உங்கள் தாளில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கணவர் பெயர் எங்கே? தம்பி இருப்பதாகச் சொன்னீர்கள், அவர் எங்கே?

மார்ச் 20, இரவு 9.30

நினைத்தேன். ஆண்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ‘நாங்களும் உழைக்கிறோம்.’ யார் இல்லை என்றது?

கசானா ஆய்வுக் கழகம் 2019ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது, கோலாலம்பூரில் சிறிய அளவில் எடுத்தது. சம்பள வேலைக்கு ஆண்கள் நாளுக்கு 6.9 மணி நேரம், பெண்கள் 6.6. கிட்டத்தட்ட சமம். வீட்டு வேலை, பிள்ளை, முதியோர் என்று சம்பளமில்லாத வேலைக்கு ஆண்கள் 2.2, பெண்கள் 3.6. வித்தியாசம் எங்கே என்று தெரிகிறதா? அந்த 1.4 மணி நேரத்தை வாரத்துக்குப் பெருக்கினால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழு வேலை நாளுக்கு மேல். சின்ன ஆய்வு என்பதால் எல்லா வீட்டுக்கும் இது சட்டம் இல்லை. ஆனால் இந்த எண்ணைப் பார்த்து எந்தப் பெண்ணும் ஆச்சரியப்பட்டு நான் பார்க்கவில்லை.

மூவரில் ஒருவர் அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு நான் எழுதியது பொருந்தாது. வீட்டில் பங்கு போட ஆளில்லாதவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காசு கொடுத்து ஆள் வைப்பது, இல்லை சிலவற்றை விட்டுவிடுவது, இந்த இரண்டுதான் எனக்குத் தெரிந்த வழி.

மார்ச் 24, இரவு 10.00

அலுவலகம். நான் சம்பளப் பட்டுவாடா பார்ப்பவள், இதில் கொஞ்சம் விவரம் தெரியும்.

2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. வார வேலை நேரம் 48லிருந்து 45 ஆனது. மகப்பேறு விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது, நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது. வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும்.

கேட்டால் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முடியாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் வாயால் கேட்டு ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு ஆறு மாதம் அலைவதற்கும், தாளில் கேட்டு 60 நாளில் பதில் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் கம்பெனியில் வந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று பொதுவாக எழுதியவை தள்ளிப்போயின. ‘செவ்வாய் மட்டும் 7.30க்கு வந்து 4.30க்குப் போகிறேன், காலைக் கூட்டம் பாதிக்காது, நான் இல்லாத நேரம் என் வேலையைப் பார்ப்பவர் இவர்’ என்று எழுதியது நடந்தது. கேட்பது சின்னதாகவும் திட்டமாகவும் இருந்தால் மறுக்கிறவருக்குத்தான் சங்கடம்.

இன்னொன்று, அலுவலகத்தில் ‘முடியாது’ என்று சொல்லாதீர்கள். ‘இதை எடுத்துக்கொண்டால் எதை நிறுத்தட்டும்?’ என்று கேளுங்கள். இது எனக்கு ஒரு சீன அக்கா சொல்லிக்கொடுத்தது. பாதி நேரம், அந்தப் புது வேலையே காணாமல் போய்விடும்.

மார்ச் 27, இரவு 11.20

‘கெடு எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவுக்கு வேலை இழுக்கும், அதனால் கெடுவைக் குறையுங்கள்’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பார்க்கின்சன் விதி. அது ஒரு வகையில் நம் பக்கத்துச் சரக்கு, தம்பிக்குத் தெரியுமா? நார்த்கோட் பார்க்கின்சன் 1955ல் எக்கனாமிஸ்ட் இதழில் அந்தக் கட்டுரையை எழுதியபோது மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அன்றைக்கு அது சிங்கப்பூரில் இருந்தது. அதில் ஒரு பாட்டியம்மா வருவார், உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு தபாலட்டை எழுத நாள் முழுக்க எடுத்துக்கொள்வார். பார்க்கின்சன் கேலி செய்தது அரசாங்க அலுவலகத்தை. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சோறு வடிக்கிறவளிடம் போய் இந்த விதியைச் சொல்லக் கூடாது. அவளுடைய கெடு ஏற்கெனவே குறைந்துதான் கிடக்கிறது.

சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த விதி நன்றாகப் பொருந்துகிறது. வீட்டைச் சுத்தம் பண்ண நாள் முழுக்க இருக்கிறது என்றால் நாள் முழுக்கத்தான் ஆகிறது. நான் ஒரு மணி நேரம் அலாரம் வைத்து, அடித்ததும் துடைப்பத்தை மூலையில் வைத்துவிடுகிறேன். துடைக்காத மூலை துடைக்காமல்தான் இருக்கும்.

விட்டுவிடுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நான் விட்டவை: தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு சுடுவது (செந்தூலிலேயே சுட்டு விற்கும் ஒரு அம்மாவிடம் வாங்குகிறேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது), துணிக்கு இஸ்திரி போடுவது (சீருடை மட்டும்), எல்லா விசேஷத்துக்கும் போவது. கடைசிதான் கஷ்டம். ஒரே ஞாயிறில் கிள்ளானில் கல்யாணம், காஜாங்கில் காதுகுத்து, பத்துமலைப் பக்கம் யாரோ வீட்டில் பிறந்தநாள் என்று வரும். நெருங்கியவர்களுக்கு மட்டும் போகிறோம், மற்றவர்களுக்கு மொய் அனுப்பிவிடுகிறோம். பேச்சு வரத்தான் செய்தது. மொய் சரியாகப் போனதும் பேச்சும் குறைந்தது.

ஏப்ரல் 2, காலை 11.30

நோன்புப் பெருநாள் விடுமுறை. கே.எல். காலி, எல்லாரும் பாலேக் கம்போங், சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். செந்தூலிலிருந்து ஷா ஆலம் இவ்வளவு பக்கமா என்று கணவர் கேட்கிறார். பெருநாள் திங்கட்கிழமை வந்தது, அன்றைக்கும் டயாலிசிஸ் உண்டு. நிலையத்தில் நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றினார்கள். விடுமுறையில் செய்யலாம் என்று தள்ளிவைத்திருந்த வேலைகள் என்னிடம் ஒரு பக்கம் இருந்தன. ஒன்றும் செய்யவில்லை, இரண்டு நாளும் மதியம் தூங்கினேன். தள்ளிவைத்ததில் பாதி இப்போது தேவையே இல்லை என்று தெரிகிறது.

ஏப்ரல் 6, மாலை 5.40

ரவாங் தங்கையின் புதுத் தாள் பார்த்தேன். அரைமணிக் கட்டங்கள் போய்விட்டன, நாளுக்கு மூன்று வரிதான். புதன் மாலை காலியாக இருக்கிறது. நல்லது. ‘உடற்பயிற்சி’ இருந்த இடத்தில் ‘தூக்கம்’ என்று இருக்கிறது, அதுவும் இப்போதைக்குச் சரி. சனிக்கிழமை அப்பாவுக்குக் கட்டு மாற்றும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்பாவைக் கொண்டு போய்விட்டு, கிளினிக்கில் என்ன சொன்னார்கள், அடுத்த தவணை எப்போது என்பதையெல்லாம் உங்களிடம் கேட்டால் இலாகா இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. மருத்துவ அட்டையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கட்டு நாளான செவ்வாய்தான் இடிக்கிறது. இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, நான் சொன்ன விண்ணப்பம், செவ்வாய் மட்டும் நேரம் மாற்றிக் கேட்பது. மற்றொன்று, வீட்டுக்கே வந்து கட்டு மாற்றும் தாதியர் இருக்கிறார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று ரவாங்கில் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அதை உங்கள் அரைநாள் சம்பளத்தோடும் ரயில், பெட்ரோல் செலவோடும் வைத்துப் பாருங்கள். இனிப்புநீர்க்காரரின் புண் என்பதால் யார் கட்டினாலும் மருத்துவர் பார்க்கும் தவணையை மட்டும் தவற விடாதீர்கள்.

விண்ணப்பத்தை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், பெயரை அழித்துவிட்டு. திருத்தித் தருகிறேன். இந்த வாரம் மார்ச் கணக்கு முடிக்க வேண்டும், அதனால் வெள்ளிக்குப் பிறகுதான் பார்ப்பேன். வியாழன் பேங்க்.